வெளியூர் ஆட்டங்களுக்கும் போகும் மாற்றுத்திறனாளி ரசிகர்கள்: டிக்கெட், பயணம், உட்காரும் இடம்

கிழக்குமேடை:

வேறொரு இழையில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டிருந்தார்: சக்கர நாற்காலியில் இருக்கிறேன், ஒரு கால்பந்து கிளப்பின் சொந்த மைதான ஆட்டம், வெளியூர் ஆட்டம் இரண்டுக்கும் சீசன் முழுக்கப் போக முடியுமா என்று. அந்த இழை அணித் தேர்வைப் பற்றியது, அங்கே பதில் போட்டால் காணாமல் போய்விடும் என்பதால் தனியாகத் தொடங்குகிறேன். இங்கிலாந்து லீக்கை வைத்தே எழுதுகிறேன். நான் பின்தொடரும் கிளப் அங்கேதான், விதிகளும் அங்கே விரிவாக எழுதப்பட்டிருக்கின்றன.

முடியும். ஆனால் இரண்டும் ஒரே அனுபவம் இல்லை. சொந்த மைதானத்தை ஒருமுறை பழகிக்கொண்டால் போதும். எந்த வாசல், எந்த லிஃப்ட் அடிக்கடி பழுதாகும், இடைவேளைக்கு எத்தனை நிமிடம் முன்பு நகர்ந்தால் கழிப்பறையில் வரிசை இருக்காது, எந்த ஸ்டீவர்டிடம் (கூட்டத்தைக் கவனிக்கும் மைதானப் பணியாளர்) சொன்னால் வேலை நடக்கும், எல்லாம் தெரிந்துவிடும். வெளியூர் என்றால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து.

இடங்களின் எண்ணிக்கையைப் பார்ப்போம். 2003ல் வந்த அரங்க அணுகல் வழிகாட்டி சொல்லும் கணக்கு இது. புது மைதானத்தில் 10,000 முதல் 20,000 இருக்கை வரை என்றால் சக்கர நாற்காலிக்கு 100 இடம், பத்தாயிரத்துக்கு மேல் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் இன்னும் 5. இருபதாயிரத்தைத் தாண்டினால் 150, அதற்கு மேல் ஆயிரத்துக்கு 3. நாற்பதாயிரத்தைத் தாண்டினால் 210, அதற்கு மேல் ஆயிரத்துக்கு 2. அதாவது 60,000 பேர் உட்காரும் மைதானத்தில் 250 இடம் இருக்க வேண்டும். இங்கிலாந்தின் உச்ச லீக்கான பிரீமியர் லீக்கின் கிளப்கள் இந்த வழிகாட்டியை 2017 ஆகஸ்டுக்குள் எட்டிவிடுவோம் என்று 2015 செப்டம்பரில் உறுதி சொன்னன. கெடு வந்தபோது எல்லாக் கிளப்களும் முடித்திருக்கவில்லை.

சரி, 250 இடம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதில் வெளியூர் ரசிகர்களுக்கு எத்தனை, அவை மைதானத்தில் எங்கே இருக்கின்றன? என்னைக் கேட்டால் எண்ணிக்கையை விட இந்த இரண்டாவது கேள்விதான் பெரிது. பிரீமியர் லீக்கில் வெளியூர் ரசிகர்களுக்கு 3,000 டிக்கெட், அல்லது மைதானக் கொள்ளளவில் 10 சதவீதம், எது குறைவோ அது. அந்தக் கூட்டம் முழுக்க ஒரு மூலையில் சேர்ந்து நின்று பாடும். பழைய மைதானம் பலவற்றில் அந்த மூலையில் சக்கர நாற்காலி போக வழியே கிடையாது, சக்கர நாற்காலிக்கான மேடை வேறு பக்கத்தில் இருக்கும், சுற்றிலும் எதிரணி ரசிகர்கள். அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நம் அணிச் சட்டை தெரியாதபடி ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டு, நம் அணி கோல் போடும்போது கையை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்மூலையில் நம் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுவதைப் பார்த்துக்கொண்டு. "கொண்டாடாதீர்கள், உங்கள் பாதுகாப்புக்காகத்தான்" என்று ஸ்டீவர்டு வந்து மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவார். அவரிடம் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஊர் விட்டு ஊர் வந்தது அந்த ஒரு நொடிக்காக. அதை மட்டும் தர மாட்டோம், மற்றதெல்லாம் தருகிறோம் என்றால் அது ஆட்டம் பார்ப்பதா?

எல்லோரும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். சக்கர நாற்காலி மட்டும் இல்லை, பார்வை, செவி, ஆட்டிசம், நடக்கச் சிரமம், எதுவானாலும்.


புதுசீசன்:

அந்தக் கேள்வியைக் கேட்டவன் நான்தான், நன்றி அண்ணா. ஒரு சந்தேகம். உடன் வருபவருக்கு இலவச டிக்கெட் உண்டு என்கிறார்கள், அது சட்டமா, இல்லை கிளப்பின் இரக்கமா? இன்னொன்று, சான்றாக என்ன கேட்பார்கள்? ஒவ்வொரு மைதானத்துக்கும் மருத்துவக் காகிதத்தை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டுமா?


கிழக்குமேடை:

இரக்கம் என்ற பேச்சே வேண்டாம். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில் "நியாயமான மாற்றங்கள்" செய்யும் கடமை இருக்கிறது, சேவை தருகிற எல்லோருக்கும் பொருந்தும். இதில் முக்கியமான விஷயம், அது முன்கூட்டியே யோசித்துச் செய்ய வேண்டிய கடமை. நாம் வந்து வாசலில் நின்ற பிறகு "அடடா, ரேம்ப் இல்லையே" என்று சொல்ல முடியாது. உடன் ஆள் இல்லாமல் ஒருவரால் ஆட்டத்துக்கு வரவே முடியாது என்றால், அந்த ஆளுக்கும் காசு வாங்குவது ஒரே ஆட்டத்துக்கு அவரிடம் இரண்டு டிக்கெட் விலை வாங்குவதுதானே. அதனால்தான் கிளப்கள் உதவியாளருக்கு இலவசமாகத் தருகின்றன. சட்டத்தில் "இலவச டிக்கெட்" என்று தனி வரி இல்லை, இந்தக் கடமையிலிருந்து வந்த நடைமுறை அது. யாருக்குத் தருவது என்பதில் கிளப்புக்குக் கிளப் வித்தியாசம் இருக்கும்.

சான்று: உங்கள் சொந்தக் கிளப்பில் ஒருமுறை பதிவு செய்துவிடுங்கள். வெளியூர் டிக்கெட்டும் பெரும்பாலும் உங்கள் கிளப் வழியாகத்தான் விற்பனையாகும், அதனால் எதிரணிக் கிளப்புக்கு நீங்கள் தனியாக எதையும் நிரூபிக்க வேண்டியிருக்காது. ஆனால் உங்கள் தேவை என்ன என்பது அங்கே போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே ஒரு மின்னஞ்சல் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு டிக்கெட் அலுவலகங்களுக்கு நடுவில் தகவல் விழுந்து தொலைவது சாதாரணமாக நடக்கும்.


நிழல்பயணி:

பயணம் பற்றி நான் எழுதுகிறேன், பேட்டரி சக்கர நாற்காலியில் ரயிலில்தான் போகிறேன்.

பிரிட்டனில் ரயிலில் ஏற இறங்க உதவி கேட்டு முன்பதிவு செய்யலாம். முன்பெல்லாம் முந்தைய நாளே சொல்ல வேண்டும், 2022 ஏப்ரலிலிருந்து 2 மணி நேரம் முன்பு சொன்னால் போதும். கேட்க நன்றாக இருக்கும். பதிவு செய்வது ஒன்று, ரயில் நின்றதும் பிளாட்பாரத்தில் ரேம்ப்போடு ஆள் நிற்பது வேறு. கதவு மூடிவிடுமோ என்ற பதற்றத்தோடு தலையை வெளியே நீட்டிக் கத்திய அனுபவம் இல்லாத சக்கர நாற்காலிக்காரர் யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் நான் ஏறும்போதே நடத்துநரைப் பார்த்து எங்கே இறங்குகிறேன் என்று சொல்லிவிடுவேன், இறங்கும் நிலையத்துக்கும் போன் அடித்துவிடச் சொல்வேன்.

நாற்காலியின் அளவைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ரயில்கள் 70 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளம் என்ற அளவுக்குக் கட்டப்பட்டவை. பேட்டரி நாற்காலியும் நாமும் சேர்ந்த எடை ரேம்ப்புக்குத் தாங்குமா என்பதையும் ரயில் நிறுவனத்திடம் ஒருமுறை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளி ரயில் அட்டை வாங்கினால் உங்களுக்கும் உடன் வரும் ஒருவருக்கும் மூன்றில் ஒரு பங்கு கட்டணம் குறையும். நிலையத்தில் படிக்கட்டு மட்டும்தான் என்றால், நீங்கள் போகக்கூடிய அடுத்த நிலையத்திலிருந்தோ நிலையத்துக்கோ கூடுதல் காசில்லாமல் மாற்று வண்டி ஏற்பாடு செய்து தருவது ரயில் நிறுவனத்தின் பொறுப்பு. இது பலருக்குத் தெரியாது. கேளுங்கள்.

எனக்கு உண்மையான எரிச்சல் தொலைக்காட்சிதான். சனி மதியம் 3 மணி என்று நினைத்து எல்லாவற்றையும் ஏற்பாடு செய்திருப்போம், ஒளிபரப்புக்காக ஆட்டத்தைத் திங்கள் இரவு 8 மணிக்கு மாற்றிவிடுவார்கள். எல்லா வெளியூர் ரசிகருக்கும் கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் மற்றவர்கள் கடைசி ரயிலைத் தவறவிட்டால் நண்பன் காரின் பின்சீட்டில் ஒண்டிக்கொள்ளலாம், ஏதாவது ஒரு விடுதியில் மாடி அறை எடுக்கலாம். எனக்கு லிஃப்ட் உள்ள, குளியலறைக்குள் நாற்காலி நுழையக்கூடிய அறை வேண்டும், அப்படிப்பட்டவை ஒரு விடுதியில் ஒன்றிரண்டுதான் இருக்கும். என் உதவியாளரின் வேலை நேரத்தையும் மாற்ற வேண்டும். ஒரு தேதி மாற்றம் எனக்கு நான்கைந்து ஏற்பாடுகளைக் கலைத்துப்போடுகிறது. ஆட்ட அட்டவணையை மாற்றுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்ததாக எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

ரசிகர் மன்றம் ஏற்பாடு செய்யும் பேருந்துகளைப் பற்றிக் கேட்காதீர்கள். லிஃப்ட் உள்ள வண்டி வேண்டுமென்றால் வாரக்கணக்கில் முன்பே சொல்ல வேண்டும், நாற்காலிக்காகச் சில இருக்கைகளைக் கழற்ற வேண்டும், அதனால் நஷ்டம் என்பார்கள். பாட்டும் கூச்சலுமாக எல்லோரும் சேர்ந்து போகும் அந்தப் பேருந்துப் பயணமும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான் என்பது அவர்களுக்கும் தெரியும்.


செவிவழி:

நான் பார்வையற்றவன். "பார்க்க முடியாதவர் மைதானத்துக்கு ஏன் வர வேண்டும், வீட்டில் ரேடியோ கேட்கலாமே" என்று கேட்டவர்கள் உண்டு, அதனால் முதலில் அதற்குப் பதில். நான் கூட்டத்துக்காக வருகிறேன். கார்னர் எடுக்கும் முன்பு வரும் அந்த முணுமுணுப்பு, பந்து கம்பத்தில் பட்டதும் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் விடும் மூச்சு, இதெல்லாம் எந்த ஒலிபெருக்கியிலும் வராது.

ஆனால் வர்ணனை தேவை. சாதாரண ரேடியோ வர்ணனை போதாது, அது பெயர்களையும் பழைய கதைகளையும் சொல்லிக்கொண்டிருக்கும், பந்து எங்கே என்பதை விட்டுவிடும். பார்வையற்றவர்களுக்கான விவரிப்பு வர்ணனை என்று ஒன்று உண்டு. பந்து எந்தப் பக்கம், கோலிலிருந்து எவ்வளவு தூரம், யார் கையைத் தூக்கிக் கேட்கிறார், பயிற்சியாளர் கோட்டோரத்தில் என்ன செய்கிறார், எல்லாம் நடக்க நடக்கச் சொல்வார்கள். 2014 பிரேசில் உலகக் கோப்பையில் சில மைதானங்களில் இதைக் கொடுத்தார்கள், 2022 கத்தாரில் அரபியிலும் ஆங்கிலத்திலும் கொடுத்தார்கள்.

வெளியூரில் என் பிரச்சினை கருவி. ஒவ்வொரு கிளப்பிலும் வேறு கருவி, வேறு அலைவரிசை, சில இடங்களில் முன்பணம் கட்டி வாங்க வேண்டும், கொடுக்கும் கவுன்டர் எதிரணிப் பக்கத்தில் இருக்கும். இப்போது செல்போன் செயலியில் தருகிறோம் என்கிறார்கள். மைதானம் நிறைந்ததும் நெட் படுத்துவிடும், வர்ணனை பல நொடி தாமதமாக வரும். சுற்றிலும் எல்லோரும் கத்துகிறார்கள், என் காதில் பந்து இன்னும் நடுக்கோட்டில் இருக்கிறது. நல்லதா கெட்டதா என்றுகூடத் தெரியாது. தாமதமில்லாத பழைய ரேடியோக் கருவியே எனக்கு மேல்.

அப்புறம், அங்கே வர்ணிப்பவர் அந்த ஊர்க் கிளப்பின் ஆள். அவர்கள் அணியை விரிவாகச் சொல்வார், நம் வீரர்கள் "சிவப்புச் சட்டை எண் 8" ஆகிவிடுவார்கள். நடுநிலையாகப் பயிற்சி பெற்றவர் அமைந்தால் வித்தியாசம் உடனே தெரியும்.


தெற்குவாசல்22:

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நேர்மையாகவே கேட்கிறேன். நான் வெளியூர்ப் பகுதியில் ஆட்டம் முழுக்க நிற்கிறவன். பாதுகாப்பாக நிற்கும் கம்பி வைத்த இருக்கைகள் 2022-23 சீசனிலிருந்து அதிகாரபூர்வமாக வந்துவிட்டன. நாங்கள் நிற்பதால் பின்னால் இருக்கும் சக்கர நாற்காலிக்காரர்களுக்கு மறைக்கிறது என்று புகார் வருகிறது. உட்காரச் சொன்னால் வெளியூர் ஆட்டத்தின் உயிரே போய்விடும். இதற்கு என்ன வழி?


கிழக்குமேடை:

நல்ல கேள்வி, தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்களை உட்காரச் சொல்ல எனக்கு ஆசை இல்லை, நீங்கள் நிற்கும் அந்தக் கூட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதானே என் ஆசையும்.

இது கட்டட வேலையில் தீர்க்க வேண்டிய விஷயம். சக்கர நாற்காலி மேடையை முன்வரிசைகளை விட எவ்வளவு உயரத்தில் வைக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முன்னால் இருப்பவர் எழுந்து நின்றாலும் அவர் தலைக்கு மேல் என் கண்ணுக்கு மைதானம் தெரிய வேண்டும். புது மைதானங்களில் இப்படி உயர்த்திக் கட்ட முடியும், கட்டியும் இருக்கிறார்கள். பழையதில் கடைசி வரிசைக்குப் பின்னால் தட்டையாக ஒரு இடம் விட்டுவிட்டு "மேடை" என்பார்கள், அங்கே எனக்குத் தெரிவது முதுகுகள் மட்டும். உச்ச நேரம் எல்லாம் முதுகுதான். கோல் விழும் நேரம், பெனால்டி, கடைசி நிமிடம், சரியாக அப்போதுதான் எல்லோரும் எழுவார்கள்.

கட்டடம் சரியாகும் வரை உங்களைப் போன்றவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மேடைக்கு நேர் முன்னால் உள்ள இரண்டு மூன்று வரிசைகளை விற்காமல் விடச் சொல்லி உங்கள் ரசிகர் மன்றமும் சேர்ந்து கேளுங்கள். நாங்கள் மட்டும் கேட்டால் "டிக்கெட் வருமானம் போகும்" என்று முடித்துவிடுகிறார்கள். மான்செஸ்டர் யுனைடெட் சக்கர நாற்காலி இடங்களைக் கூட்டியபோது தங்கள் மைதானமான ஓல்டு டிராஃபோர்டின் மொத்தக் கொள்ளளவு குறைந்தாலும் பரவாயில்லை என்று முடிவெடுத்தார்கள். அதனால் மனமிருந்தால் எந்தக் கிளப்பாலும் முடியும்.


பழையடிக்கெட்:

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், 1960, 70களின் புகைப்படங்களில் ஆடுகள ஓரத்தில், கார்னர் கொடிக்குப் பின்னால், வெளிர்நீல மூன்று சக்கர வண்டிகள் வரிசையாக நிற்கும். பிரிட்டன் அரசு கொடுத்த மாற்றுத்திறனாளி வண்டிகள் அவை. வண்டியோடு உள்ளே வந்து, அதற்குள் உட்கார்ந்தபடியே ஆட்டம் பார்ப்பார்கள். ஒரு வண்டியில் ஒருவர்தான் உட்கார முடியும், அதனால் தனியாகத்தான் பார்க்க வேண்டும். அப்புறம் கோட்டோர மேடைகள் வந்தன, மழையும் பந்தும் நேராக முகத்தில் வந்து விழும்.

மாற்றம் தானாக வரவில்லை. 1998ல் மாற்றுத்திறனாளி ரசிகர்களுக்கென்று தேசிய அளவில் ஒரு சங்கம் தொடங்கினார்கள், அதுதான் இப்போது லெவல் பிளேயிங் ஃபீல்டு. 2009ல் ஐரோப்பா முழுமைக்குமாக இன்னொரு அமைப்பு வந்தது. 2015ல் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஈஎஃப்ஏ தன் உரிம விதிகளில் ஒவ்வொரு கிளப்பும் மாற்றுத்திறனாளி அணுகல் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்று சேர்த்தது. கிழக்குமேடை சொன்ன எண்ணிக்கைகளுக்குப் பின்னால் பல வருடம் கடிதம் எழுதிய, கூட்டங்களில் எழுந்து கேட்ட ரசிகர்கள் இருக்கிறார்கள்.


அமைதிஅறை:

என் மகனுக்கு ஆட்டிசம். அவனுக்குக் கால்பந்து என்றால் உயிர், எல்லா வீரர்களின் எண்ணும் சொல்வான். இரைச்சல்தான் தாங்காது. சொந்த மைதானத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்க்கும் உணர்வுசார் அறை இருக்கிறது, வெளிச்சம் மங்கலாக, சத்தம் குறைவாக. இங்கிலாந்தில் சண்டர்லேண்டின் ஸ்டேடியம் ஆஃப் லைட் இதை முதலில் தொடங்கிய மைதானங்களில் ஒன்று. இப்போது பல கிளப்களில் இருக்கிறது.

வெளியூரில் அந்த அறை இருந்தாலும் அது பெரும்பாலும் சொந்த ரசிகர்களுக்கு என்று சொல்லிவிடுகிறார்கள். அதற்காக அவனைக் கூட்டிப்போகாமல் இருக்க முடியாது. நாங்கள் செய்வது: வாசல், படிக்கட்டு, இருக்கையிலிருந்து தெரியும் காட்சி, எல்லாவற்றின் படங்களையும் அந்தக் கிளப்பின் அணுகல் அலுவலரிடம் முன்பே கேட்டு வாங்கி, அவனுக்கு வரிசையாகக் காட்டிவிடுவோம். கூட்டம் வரும் முன்பே உள்ளே போய்விடுவோம், காது மூடியை எடுத்துப்போவோம், வரிசையின் ஓர இருக்கை கேட்போம். நடுவில் வெளியே போய் மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பி வர அனுமதி உண்டா என்பதைக் கட்டாயம் எழுத்தில் கேளுங்கள். சில மைதானங்களில் வெளியே போனால் டிக்கெட் முடிந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு ஆட்டம் பார்ப்பதும் பார்க்காததும் அந்த ஒரு விதியில் இருக்கிறது.

வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்கள் அணியும் சூரியகாந்திப் படம் போட்ட கழுத்துப்பட்டையை (2016ல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கியது) இப்போது நிறைய ஸ்டீவர்டுகள் அடையாளம் தெரிந்துகொள்கிறார்கள். அது கழுத்தில் இருந்தால் விளக்கம் சொல்லும் வேலை பாதி குறையும்.


ஊன்றுகோல்:

சக்கர நாற்காலி இல்லாத, ஆனால் அதிகம் நடக்கவோ ஏறவோ முடியாதவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு மூட்டுவாதம். வெளியூர்ப் பகுதி பெரும்பாலும் மேல்தளத்தில், செங்குத்தான படி, நடுவில் கைப்பிடி கிடையாது. கீழ் வரிசை கேட்டால் "உங்களுக்கு என்ன, நன்றாகத்தானே நிற்கிறீர்கள்" என்ற பார்வை. காலை நீட்ட இடமுள்ள, படி குறைந்த இருக்கைகளை எளிதில் சென்றடையும் இருக்கை என்று தனியாக ஒதுக்க வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்கின்றன. வெளியூர்ப் பகுதியில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஆட்டம் முடிந்ததும் போலீஸ் வெளியூர்க் கூட்டத்தை உள்ளேயே நிறுத்தி வைக்கும் மைதானங்கள் உண்டு, அப்போது நிற்க முடியாதவர்கள் எங்கே உட்காருவது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.


கோட்டோரம்:

நான் ஸ்டீவர்டாக இருந்தவன். எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று. வெளியூர் ரசிகர்களின் தேவை பற்றிய பட்டியல் எங்கள் கைக்கு ஆட்ட நாள் காலையில்தான் வரும், சில நேரம் வராது. வெறும் "சக்கர நாற்காலி 6" என்று ஒரு வரி இருக்கும். பேட்டரி நாற்காலியா, தானாக இடம் மாறி உட்காரக்கூடியவரா, நெருப்பு என்றால் லிஃப்ட் ஓடாது, அப்போது இவரை எப்படி வெளியேற்றுவது, எதுவும் இருக்காது. அதனால் நீங்களே சொல்லுங்கள். உள்ளே வந்ததும் அருகிலிருக்கும் ஸ்டீவர்டிடம் "அவசரம் என்றால் என்னை எந்த வழியாகக் கூட்டிப்போவீர்கள்" என்று கேட்டுவிடுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் மேற்பார்வையாளரைக் கூப்பிடுவார், ஆட்டம் தொடங்கும் முன்பே பதில் கிடைத்துவிடும்.


புதுசீசன்:

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. இன்னும் ஒன்று, வெளியூர் டிக்கெட் எங்கள் கிளப்பில் புள்ளி முறை. அதிக வெளியூர் ஆட்டம் போனவருக்கு முன்னுரிமை. சக்கர நாற்காலி இடமே ஆறோ எட்டோ என்றால், ஏற்கெனவே புள்ளி வைத்திருப்பவர்களே எப்போதும் போவார்கள், நான் எப்போது புள்ளி சேர்ப்பது?


கிழக்குமேடை:

இதில் எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. பல வருடமாகப் பனியிலும் மழையிலும் போனவருக்கு முன்னுரிமை வேண்டாமா என்று ஒரு பக்கம். நான் மறுபக்கம். மூவாயிரம் இடத்துக்குப் புள்ளி முறை வைத்தால் கடைசியில் புதியவருக்கும் கொஞ்சம் மிஞ்சும். ஆறு இடத்துக்கு அதே முறையை வைத்தால் கதவு மூடியே இருக்கும். அதனால் பாதி இடம் புள்ளிக்கு, பாதி இடம் சுழற்சிக்கு என்று எங்கள் மாற்றுத்திறனாளி ரசிகர் சங்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். எனக்குப் புள்ளி நிறைய இருக்கிறது, இந்த முறை வந்தால் சில ஆட்டம் எனக்குக் கிடைக்காமல் போகும், இருந்தாலும் இதுதான் சரி என்று நினைக்கிறேன்.

நிழல்பயணி ஒத்துக்கொள்ள மாட்டார், தெரியும்.


நிழல்பயணி:

ஒத்துக்கொள்ளவில்லைதான் அண்ணா. இருக்கும் ஆறு இடத்தை நமக்குள் எப்படிப் பங்கு போடுவது என்று பேச ஆரம்பித்தால், ஏன் ஆறுதான் என்ற கேள்வியைக் கிளப்கள் நிம்மதியாக மறந்துவிடும். முதலில் அதைக் கேட்போம்.


கிழக்குமேடை:

இரண்டையும் கேட்போம். அடுத்த மாதம் சங்கக் கூட்டம் இருக்கிறது. புதுசீசன், நீங்களும் உறுப்பினராகச் சேர்ந்து வாருங்கள், புள்ளியே இல்லாத ஒருவர் நேரில் எழுந்து கேட்டால் அதற்குத் தனி எடை. அதற்கு முன்பு முதல் வெளியூர் ஆட்டத்துக்குப் பதிவு செய்ய வேண்டுமென்றால் எந்த மைதானம் என்று இங்கே போடுங்கள், போனவர்கள் யாராவது வாசல், லிஃப்ட், கழிப்பறை, மேடையிலிருந்து என்ன தெரியும் என்பதை எழுதிவிடுவார்கள்.


செவிவழி:

மைதானத்தின் பெயரைப் போடும்போது வர்ணனைக் கருவி எங்கே தருகிறார்கள் என்பதையும் யாராவது சேர்த்து எழுதுங்கள். எனக்கும் அது வேண்டும்.